பூட்டாத பள்ளிக்கூடத்துக்குக் கடைசி இடம்

மகளே,

திண்டிவனம் வட்டத்தின் எட்டுத் திசையும் கிடுகிடுக்கப் பிரம்பு சுழற்றியவனும், ஒரே தும்மலில் மூன்று வகுப்புகளின் சத்தத்தை அடக்கியவனும், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அத்தனை பேரையும் வாயடைக்க வைத்து வழியனுப்பியவனும், தற்சமயம் உன் அம்மாவின் உத்தரவுப்படி ஒரு முறம் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்து முடிக்காமல் இடத்தைவிட்டு எழக் கூடாது என்ற காவலில் இருப்பவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. சின்ன வயதில் உன் தோழிகள் எனக்குப் ‘புளுகு மாமா’ என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்திலும் புளுகு இருக்கும். அறுபத்தெட்டு வருடப் பழக்கம், ஒரே நாளில் போகாது. ஆனால் இதில் உள்ள கோபத்தில் ஒரு பொட்டுக்கூடப் புளுகு கிடையாது. போனிலேயே பேசலாமே என்பாய். போன வாரம் பேசினோமே, என்ன ஆயிற்று? நான் கத்தினேன், நீ துண்டித்தாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

இதன் நகல் ஒன்று நம் ஆசிரியர் சங்கத்து மாத இதழுக்கும் போகிறது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். விழுப்புரத்தை அடுத்த காணைக்கு அந்தப் பக்கம், கரும்புக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நீ தலைமையாசிரியை. போய் நாலு வருடமாகிறது. போன மாதம் உன் பள்ளியை ஆய்வு செய்தார்கள். பார்த்த பள்ளிகளில் உன்னுடையதற்குத்தான் கடைசி இடம். அறிக்கையை உன் கையில் கொடுத்து, பதினைந்து நாள் தவணையும் கொடுத்திருக்கிறார்கள். ‘குறைகளை ஏற்கிறேன், அறிவுரைகளை நிறைவேற்றுகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பலாம். அல்லது, ஏற்கவில்லை, மறு ஆய்வு வேண்டும் என்று மனுப் போடலாம். இந்த இரண்டில் எது என்று கேட்கத்தான் நீ எனக்குப் போன் செய்தாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஊரும் தெரிந்துகொள்ளட்டும்.

“அப்பா, எங்க ஸ்கூலுதான் கடைசிப்பா.”

“எதுக்காம்?”

“எல்லாம் அழுக்கா இருக்குதாம். கிழிஞ்சி போயிருக்குதாம்.”

“சரி, விடு. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு உன் வேலையப் பாத்துக்கினு இரு. அடுத்த மாசம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங். திண்டிவனத்துப் பக்கம் எடம் காலியா இருக்குது. இப்பப் போயி பேஜாரு பண்ணிக்காத.”

“கையெழுத்துப் போட்டா எல்லாத்தையும் பூட்டணும்பா.”

“பூட்டேன்! பூட்டுனா என்ன, குடியா முழுகிடும்?”

அதற்கு நீ “சரிப்பா” என்றாய். வைத்துவிட்டாய். அந்த ‘சரிப்பா’ இருக்கிறதே, அது இரண்டு நாள் மீன்முள் மாதிரி என் தொண்டையில் நின்றது. நீ சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அந்த அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உனக்குத் தெரியாமல்தான். அவரைத் திட்டாதே, மாமனாருக்குப் பயந்த மனிதர். ஒன்பது பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மல்லாட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

முதலில் நூலகம். ‘புத்தகங்கள் அட்டை கிழிந்தும், ஓரம் மடிந்தும், கறை படிந்தும் காணப்படுகின்றன.’ படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்த கொதிப்பில் பக்கத்தில் ஒரு பானை அரிசி இருந்திருந்தால் சோறாகியிருக்கும். புத்தகம் கிழியாமல் இருக்க வேண்டுமானால் அதற்கு ஒரே வழிதான்: ஒருவரும் அதைத் திறக்கக் கூடாது. அடுத்த வரி, நாற்பது புத்தகங்கள் அலமாரியில் இல்லை என்கிறது. எப்படி இருக்கும்? பிள்ளைகள் வீட்டில் இருக்கின்றன. யார் எதை எடுத்துப் போனார்கள் என்று நீ எழுதி வைத்திருந்த நோட்டை நீட்டியிருக்கிறாய், அதை யாரும் புரட்டவில்லை. முதலில் நாற்பத்தொன்று என்றுதான் எண்ணினார்களாம். ஆறாம் வகுப்பு வெண்ணிலா சாப்பாட்டு மணி அடித்ததும் கரும்புக் காட்டைத் தாண்டி வீட்டுக்கு ஓடி, தான் எடுத்துப் போயிருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து, “இதோ இருக்குது பாருங்க சார்” என்று மூச்சு வாங்க நீட்டினாளாமே. வந்தவர் சொன்ன பதிலை மாப்பிள்ளை அப்படியே சொன்னார். “வூட்டுக்கெல்லாம் குடுத்தா எலி கடிச்சிடும் பாப்பா. பீரோவுல வெச்சிப் பூட்டச் சொல்லு உங்க டீச்சர.” அந்தப் புத்தகத்தை வாங்கிக் கணக்கில் சேர்த்து, நாற்பத்தொன்றை நாற்பதாகத் திருத்தினாரே தவிர, இதில் ஒரு பக்கம் படித்துக் காட்டம்மா என்று அவளைக் கேட்கவில்லை. அவளை மட்டுமா? அன்று முழுக்க ஒரு பிள்ளையைக்கூட ஒரு வரி படிக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தவர்கள், பிள்ளைகளைத் தவிர மீதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் பூமி உருண்டை. ‘ஆப்பிரிக்கா தேய்ந்து அழிந்துள்ளது’ என்று குறை எழுதியிருக்கிறது. மகளே, படையெடுத்துப் போன எந்தச் சக்கரவர்த்தியாலும் ஒரு கண்டத்தை முழுசாக அழிக்க முடிந்ததில்லை. உன் ஐந்தாம் வகுப்பு வெறும் விரலால் அழித்துவிட்டது! எத்தனை தடவை சுற்றியிருந்தால், எத்தனை கை தொட்டிருந்தால் அது அழியும்? யானைமேல் வைத்து ஊர்வலம் விட வேண்டிய உருண்டை அது. அதற்கு மதிப்பெண்ணைக் கழித்திருக்கிறார்கள். கால்பந்தின் தோல் உரிந்திருக்கிறதாம். உரியாமல்? அதைச் சாமி அறையில் வைத்துச் சூடம் காட்டவா வாங்கினோம்?

கடைசியில் மாணவியர் கழிப்பறை. தரை ஈரம், வாளியின் ஓரம் உடைந்திருக்கிறது, கதவில் கைத்தடம். இதற்கெல்லாம் சேர்த்து முடிவுரையில் ஒரு அறிவுரை: ‘நூலகம், அறிவியல் பொருள்கள், மாணவியர் கழிப்பறை ஆகியவற்றைப் பூட்டிப் பாதுகாத்து, தேவையின்போது மட்டும் தலைமையாசிரியரின் அனுமதியுடன் திறக்க வேண்டும்.’ தேவையின்போது! இனிமேல் உன் பிள்ளைகள் ஒன்றுக்குப் போவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், மூன்று பிரதிகளில், உரிய வழியாக.

வந்தவர்கள் ராட்சதர்கள் இல்லை, அது எனக்குத் தெரியும். அவர்கள் கையில் ஒரு படிவம். ‘உடைந்தது’ என்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறது, ‘காணவில்லை’ என்பதற்கு இருக்கிறது, ‘பயன்பட்டது’ என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. தலைமையாசிரியர்கள் பூட்டுவதும் கொழுப்பெடுத்து இல்லை. ஒரு பொருள் குறைந்தாலும் தணிக்கையில் எழுதி, ஓய்வு பெறும் நாளில் நம் தலையில் கட்டுவார்கள். அந்தப் பயத்தில்தான் அரசாங்கம் கொடுத்த பொருளைக் கொலு பொம்மை மாதிரி அடுக்கிக் காட்டிவிட்டு மறுபடி பெட்டியில் வைக்கிறோம். நானும் அப்படித்தான் வைத்தேன். அதற்கு வருகிறேன்.

ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் நான் மாட்டிக்கொண்டேன். ‘பராமரிப்பில் சிறந்த முன்மாதிரிப் பள்ளியைத் தலைமையாசிரியர் நேரில் பார்வையிட்டு, அதன் முறையைப் பின்பற்ற வேண்டும்’ என்று போட்டு, பள்ளியின் பெயரும் போட்டிருந்தது. என் பள்ளி! பதினாறு வருடம் நான் கட்டி ஆண்ட சாம்ராஜ்யம்! நீ படித்த பள்ளி! உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் உன்னை மறந்துபோனேன். என் நெஞ்சு நாலு அங்குலம் விரிந்து பனியன் கிழியப் பார்த்தது. அடுக்களைக்கு ஓடினேன். “ஏ, இங்க பாரு. என் ஸ்கூலுதான் மாதிரியாம். உன் பொண்ண அங்க போயி பாத்துக் கத்துக்கினு வரச் சொல்லி இருக்காங்க” என்றேன். உன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவ எதுக்கு அங்க போயி பாக்கணும்? அவதான் அந்த ஸ்கூல்ல படிச்சவளாச்சே. அவளுக்குத் தெரியாதா?” என்றாள். தாளித்த கடுகு வெடித்த மாதிரி இருந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குக் கல்யாணமான இந்த நாற்பது வருடத்தில் அவள் பேசாமல் சொன்னவற்றைத் தொகுத்தால் பத்துப் பாகம் வரும்.

மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறி அங்கே போனேன். உனக்குப் பதிலாக நான் பார்வையிடப் போனதாக வைத்துக்கொள். இப்போது அங்கே தலைமையாசிரியராக இருப்பவனை நீ அறிவாய். பெயரை மாற்றிச் சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவன், நல்லவன், மரியாதை தெரிந்தவன். என்னைப் பார்த்ததும் நாற்காலியே கவிழும்படி எழுந்தான்.

“வாங்க சார், வாங்க சார்! போன் பண்ணியிருந்தா நானே வண்டியில வந்து கூட்டினு வந்திருப்பனே. எல்லாம் நீங்க போட்ட ரூட்டு சார். அதே ரூட்லதான் போய்க்கினு இருக்கேன். முன்மாதிரின்னு எழுதிட்டாங்க, பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன். லைப்ரரியக் காட்டு.”

காட்டினான். கண்ணாடி பீரோ. உள்ளே புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகில் எண் ஒட்டி, ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. ஒரு தூசி இல்லை. பீரோ மேல் பூமி உருண்டை, வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளோடு அப்படியே. பந்து காற்றே அடிக்காமல் பெட்டிக்குள் சப்பையாகக் கிடந்தது.

“ஒரு புக்கு மிஸ் ஆவாது சார். நான் சார்ஜ் எடுத்ததுல இருந்து அப்படியே மெயின்டெய்ன் பண்ணிக்கினு வர்றேன்.”

“பசங்க படிக்கறதுண்டா?”

“அதுக்குத்தான் டெக்ஸ்ட் புக் இருக்குதே சார்” என்றான். கள்ளம் கபடம் இல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னான். என் நெஞ்சு விரிந்த நாலு அங்குலமும் அங்கேயே சுருங்கி, கூட இரண்டு அங்குலம் உள்ளே போனது.

ரத்தக் குழாய் அடைப்புக்கு என் நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்ததிலிருந்து காலையில் ஒரு மாத்திரை தருகிறார்களே, அது நீரை இறக்கும் மாத்திரை. இறங்க வேண்டும் என்றால் இறங்கியே ஆக வேண்டும், அவகாசம் கேட்க முடியாது. பாதி அவசரம், பாதி குறும்பு, கேட்டேன்: “சண்முகம், பாத்ரூம் சாவி குடு. ஜல்தி.”

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அவன் கிட்னியைக் கேட்ட மாதிரி இருந்தது. “சார்... அது நேத்துதான் பினாயில் போட்டுக் கழுவி... மறுபடியும் மேல இருந்து யாரோ வராங்களாம் சார். ரெண்டே நிமிசம். நம்ம வீடு பக்கத்துலதான, பைக்ல ஒக்காருங்க, போயிட்டு வந்துடலாம்.”

“நான் கட்டுனதுடா அது!”

“அதான் சார், நீங்க கட்டுன மாதிரியே வெச்சிருக்கேன்” என்றான்.

மகளே, அந்த வளாகத்தில் எனக்காகத் தேசியக் கொடியே கொஞ்சம் தாழ்ந்து பறக்கும் என்று நான் உன்னிடம் அளந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சுற்றுச்சுவர் இடிந்திருந்த இடத்தின் வழியாகப் பின்னால் முள்ளுக்காட்டுக்கு ஓடினேன். அங்கே சுவரோரம் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நாலாவதோ ஐந்தாவதோ படிப்பாள். இரண்டு கையையும் விரித்து என்னை மறித்தாள்.

“தாத்தா, இந்தப் பக்கம் வராதீங்க. அக்காங்க போயிருக்காங்க.”

“ஏம்மா, அங்க உங்களுக்குன்னு ரூம் கட்டி இருக்குதே?”

“அதுவா? அது ஆபீசருங்க வந்தா தொறப்பாங்க” என்றாள். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் வேறு பக்கம் போனேன். திரும்பி வந்தேன். சண்முகம் டீ சொல்லியிருந்தான், அதைக் குடிக்காமல் பஸ் ஏறினேன். அவன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் என் தவறின் நகல். அழகான கையெழுத்தில் எழுதிய நகல்.

இனி நான் சொல்லப்போவதை உன்னிடம் இருபத்து மூன்று வருடமாகச் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. அப்போது நீ ஏழாம் வகுப்பு. மறுநாள் ஆய்வு. சத்துணவு ஆயா என் அறைக்கு வந்து நின்றார்.

“சார், ஒரு பொண்ணுக்கு அவசரம். அந்த ரூம் சாவி குடுங்க.”

“நாளைக்கு இன்ஸ்பெக்சன் ஆயா. இன்னிக்கி ஒரு நாளு பொறுத்துக்கச் சொல்லு.”

“பொம்பளப் புள்ள சார். பொறுக்கற விசயம் இல்ல.”

“ரூல்னா ரூல்தான். எம் பொண்ணா இருந்தாலும் இதேதான்” என்றேன். அறையில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்கள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

நீ முள்ளுக்காட்டுக்குப் போயிருக்கிறாய். அப்புறம் பையைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, வெயிலில் தனியாக வீடு வரைக்கும் நடந்திருக்கிறாய். சாயங்காலம் உன் அம்மா சொன்னாள். அதற்கப்புறம் நான் என்ன செய்தேன்? தெருவை அடைத்துப் பந்தல் போட்டேன். நாலு ஊருக்குக் கேட்கும்படி மைக் செட் வைத்தேன். மஞ்சள் நீராட்டு விழா பேனரில் உன் படத்தைவிட என் படத்தைப் பெரிதாகப் போட்டேன். சோழ மண்டலம், தொண்டை மண்டலம் இரண்டும் வந்து சாப்பிட்டுப் போனதாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆய்வுக்கு வந்து ‘மிக நன்று’ எழுதிய அதிகாரியும் வந்து உன் தலையில் அட்சதை போட்டார். நான் அவர் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். விழா நடந்த அன்றும் அந்த அறை பூட்டித்தான் இருந்தது. நீ மறுபடி பள்ளிக்கு வந்த அன்றும் பூட்டித்தான் இருந்தது. எட்டாம் வகுப்பை முடித்து நீ வெளியே போன அன்றும். தெரியாமல் ஒரு நாள் செய்த தப்பு என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. தெரிந்த பிறகு ஒன்றரை வருடம் செய்தேன். என் மகளுக்கே திறக்காததை ஊரான் மகளுக்குத் திறந்திருப்பேனா? அதற்கு எனக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தார்கள்.

உன் பள்ளியில் நீ பொறுப்பேற்ற முதல் நாள், தச்சரைக் கூப்பிட்டு, கழிப்பறைக் கதவின் வெளிப்பக்கக் கொண்டியைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டாய் என்று மாப்பிள்ளை அப்போதே சொன்னார். ‘பாத்தீங்களா மாப்ள, என் பொண்ணு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனதும் மொத ஆர்டரு கக்கூஸ் கதவுக்குத்தான்’ என்று நான் சிரித்தேன். நான் சிரித்ததையும் அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். அந்தக் கொண்டியைத்தான் இப்போது மறுபடி வெளியே மாட்டச் சொல்கிறார்கள். அதைத்தான் நான் போனில், பூட்டேன், குடியா முழுகிடும் என்று கேட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மனுப் போட்டால் என்ன ஆகும் என்று உன்னோடு வேலை செய்பவர்கள் உன்னைப் பயமுறுத்தியிருப்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. உன்னிடம் விளக்கம் கேட்டு ஒரு ஓலை வரலாம். அது நிலுவையில் இருந்தால் கவுன்சிலிங்கில் உன் பெயர் தள்ளிப் போகலாம். திண்டிவனத்துப் பக்கம் காலியாக இருக்கும் இடம் வேறு யாருக்காவது போய்விடும், நீ இன்னும் சில வருடம் அந்தக் கரும்புக் காட்டுக்குள்தான் இருக்க வேண்டிவரும். ஜெயிப்பாய் என்றும் என்னால் சொல்ல முடியாது. மறு ஆய்வுக்கு வருபவர் கையிலும் அதே படிவம்தான் இருக்கும்.

எழுதுவதானால் என்னைப் போல எழுதாதே. சக்கரவர்த்தி, யானை, ஊர்வலம் எதுவும் வேண்டாம். குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறார்கள், அது உண்மை, ஒப்புக்கொள். கழிப்பறை அன்று நாறியது என்பதும் உண்மைதானே? துப்புரவுக்கு ஆள் போடவில்லை, நீயும் சத்துணவு அம்மாவும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதை எழுதி, ஆள் கேள். குற்றம் இருக்கிற இடத்தில் குற்றம் இருக்கிறது என்று சொன்னால்தான் இல்லாத இடத்தில் இல்லை என்று நீ சொல்வதை நம்புவார்கள். இன்னொரு பள்ளியைக் குறை சொல்லாதே, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் புத்தகம் எடுத்துப் போன நோட்டை முழுசாக நகல் எடுத்து வை. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: மறு ஆய்வுக்கு வருபவர் உன் பிள்ளைகளில் எவரை வேண்டுமானாலும் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அவர்கள் வரும் நாளுக்காக ஒரு கிழிசலையும் ஒட்டாதே. புது வாளி வாங்குவதானால் நாளைக்கே வாங்கு, பிள்ளைகளுக்காக வாங்கு.

மாறுதல் விஷயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. உன்னைத் திண்டிவனத்துக்கு வா, வா என்று ஒரு வருடமாக நச்சரிப்பது நான்தான். உன் வேலைக்காகவோ பேரனுக்காகவோ இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குப் பயம். ராத்திரி நெஞ்சில் ஏதாவது குறுகுறுத்தால் நீ பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் கையெழுத்துப் போட்டுவிடு என்று கத்தினேன். உன் அறிக்கையைப் பற்றி நான் அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதை நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “உனக்கு நெஞ்சு வலி வந்தா எப்பிடியும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான தூக்கினு போவாங்க? அது அவளுக்குத்தான் கிட்ட. நமக்கு முன்னாடி அவ வந்து வாசல்ல நிப்பா. நீ சும்மா கெட” என்றாள். என் மரணபயத்தை ஒரு பஸ் ரூட்டில் தீர்த்துவிட்டாள்.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாக்குமூலம். நான் தலைமையாசிரியராக இருந்த பதினாறு ஆண்டுகளில் மாணவியர் கழிப்பறையும் நூலகமும் என் உத்தரவின் பேரில் பூட்டப்பட்டிருந்தன. ஆய்வு நாள்களில் மட்டும் திறக்கப்பட்டன. எங்கள் பள்ளிக்கு எழுதப்பட்ட ‘மிக நன்று’ எல்லாம் யாரும் தொடாத பொருளுக்கு எழுதப்பட்டவை. இன்று முன்மாதிரி என்று காட்டப்படும் முறை நான் உண்டாக்கிய முறை. கீழே முழுப் பெயர், விருது பெற்ற விவரம், கையெழுத்து. சண்முகத்தின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ஒரு மிகைச் சொல்லும் அதில் கிடையாது. என் வாழ்க்கையிலேயே நான் புளுகாமல் எழுதிய ஒரே பக்கம். உனக்கு வைத்திருப்பது நகல், அதை உன் மனுவோடு இணைப்பாக வை; மூலம் என்னிடம் இருக்கிறது. விருதைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம். மாட்டியிருக்கும் ஆணியில் காலண்டர் மாட்டிக்கொள்ளலாம் என்று உன் அம்மா இப்போதே சொல்கிறாள்.

முடிவு உன்னுடையது என்று எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் பெருந்தன்மையான தகப்பன் என்று இதழைப் படிப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாம். போடம்மா. மனுப் போடு. தோற்றாலும் போடு. ஏற்கவில்லை என்று ஒருத்தி எழுதிய தாள் அந்த அலுவலகத்துக் கோப்பில் இருக்கட்டும். என் காலத்தில் அப்படி ஒரு தாள்கூட இல்லை.

திங்கட்கிழமை தவணையின் பதினான்காம் நாள். காலை பத்து மணிக்கு விழுப்புரம் கல்வி அலுவலகத்து வாசலில், புளியமரத்துக்குக் கீழே நிற்பேன். போட்டுக்கொள்வதற்கு வெள்ளை வேட்டி சட்டையை அம்மா தேய்க்கக் கொடுத்திருக்கிறாள். பதினொரு மணி வரை பார்ப்பேன். நீ வரவில்லை என்றால் எதிர்க் கடையில் ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் வந்துவிடுவேன். ஏன் வரவில்லை என்று என்றைக்கும் கேட்க மாட்டேன். வந்தாயானால், மனுவை நீ கொடு, என் தாளை நான் என் கையால் கொடுக்கிறேன். ‘பெறப்பட்டது’ என்று நகலில் முத்திரை குத்துவார்கள். இரண்டு முத்திரையும் விழும்வரை அந்த மேசையைவிட்டு நகரக் கூடாது.

உன் அப்பா